நாலு மணி சாண்ட்விச்

எண்ணாதே. மிச்சம் இருக்கிற சாதம் ஒரு கைப்பிடியா, ஒரு கரண்டியா என்று பார்க்காதே. பீன்ஸ் பொரியலைத் தட்டின் ஓரத்தில் எத்தனை இடமாகப் பிரித்து வைத்து, தின்றதுபோலக் காட்டியிருக்கிறாள் என்று பார்க்காதே. தட்டை எடு, கூடையில் சாய், குழாயைத் திற. அவ்வளவுதான் உன் வேலை.

அனுபமா தட்டைச் சாய்த்தாள். சாய்ப்பதற்குள்ளேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. சாதம் இடம் மாறியிருந்தது, குறையவில்லை. அவள் ஆஸ்பத்திரியில் டயட்டீஷியன். பத்தொன்பது வருஷமாக நோயாளிகள் தின்றுவிட்டு வைத்த தட்டுகளைப் பார்த்து, கால், அரை, முக்கால் என்று தாளில் குறித்துப் பழகிய கண். அந்தக் கண்ணுக்கு மகளின் தட்டு, ஊரார் தட்டு என்ற பேதம் கிடையாது. ஆள் ஏறாத ஆட்டோவில் மீட்டர் ஓடுவதுபோல அது பாட்டுக்குக் கூட்டிக்கொண்டே போகும்.

சமையலறையிலிருந்து பார்த்தால் மகளின் அறை தெரியும். கதவு பாதி திறந்திருந்தது. சாத்தக்கூடாது என்பது டாக்டர் சொன்னது. தாரிணி கட்டிலில் சுவரோரம் சாய்ந்து, ஜூலை மாதத்தில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, முழங்காலைக் கட்டியபடி உட்கார்ந்திருந்தாள். பதினாறு வயது. ஒரே பெண். தெரியாதவர்கள் பார்த்தால் பன்னிரண்டு என்பார்கள்.

ஒன்றரை வருஷமாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே வந்தவள், பத்தாவது முடித்து இன்டர் முதல் வருஷம் சேர்ந்து பதினோராம் நாள் காலேஜ் மாடிப்படியில் மயங்கி விழுந்தாள். இதயம் மெதுவாகத் துடிக்கிறது என்று மூன்று வாரம் படுக்கையில் வைத்திருந்தார்கள். மூக்கு வழியாகக் குழாய் விட்டு ஊட்டினார்கள். வீட்டுக்கு வந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. அனுப்பும்போது மனநல டாக்டர் மாதங்கி கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார். நாளைக்கு ஆறு வேளை, குறித்த நேரத்துக்குத் தட்டு வர வேண்டும். வீட்டில் தராசு இருக்கக்கூடாது. கலோரிக் கணக்கு இருக்கக்கூடாது. அவள் கேட்டாலும் எண் சொல்லக்கூடாது. ஒரு நாள் முழுக்க அவள் வாயில் ஒன்றும் போகவில்லை என்றால், மறுநாள் பார்க்கலாம் என்று இருக்கக்கூடாது, அப்போதே பெட்டியோடு வந்துவிட வேண்டும். வந்தால் மறுபடி குழாய்தான்.

தாரிணி கடைசியாகச் சாப்பிட்டது நேற்று நாலு மணிக்கு. கோதுமை ரொட்டியில் வைத்த காய்கறி சாண்ட்விச். இப்போது மணி இரண்டேகால்.

நேற்றுவரை எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. நன்றாக என்றால், அனுபமா பொய் சொல்லிக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்த முதல் நாளே தாரிணி தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "நம்பர் சொல்லு மா, இல்லாட்டி எனக்கு வேணாம், நக்கோ" என்றாள். அரை மணி நேரம் போனது, ஒரு மணி நேரம் போனது. ரொட்டியின் ஓரம் காய்ந்து மேலே சுருண்டது. அனுபமாவால் தாங்க முடியவில்லை. ஒரு எண்ணைச் சொன்னாள். உண்மையான எண் வாய்வரை வந்தது; அதில் பாதிக்குக் கொஞ்சம் மேலே நிறுத்திச் சொன்னாள். தாரிணி சாண்ட்விச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு சாப்பிட்டாள். ஒரு தாய்க்கு அதைவிடப் பெரிய சந்தோஷம் ஒன்று உண்டா என்று அன்றைக்குத் தோன்றியது. அதற்கப்புறம் பதினொரு நாள் அதே பொய். ரொட்டியை வாங்கி வந்ததும் எவர்சில்வர் டப்பாவுக்கு மாற்றிவிட்டு, அச்சடித்த கவரைச் சுருட்டிக் கீழே அப்பார்ட்மென்ட் குப்பைத் தொட்டியில் போட்டுவிடுவாள்.

நேற்று சாப்பிட்ட பிறகு, குப்பையை நான் கொண்டுபோய்ப் போடுகிறேன் என்று தாரிணியே எழுந்தாள். அதுவே பெரிய முன்னேற்றம் என்று அனுபமா விட்டாள். மேலே வந்தவள் கையில் ரொட்டிக் கவர் இருந்தது. சாப்பாட்டு மேஜையில் வைத்து, சுருக்கத்தை விரலால் நீவி நீவி நேராக்கினாள். திட்டவில்லை, அழவில்லை.

"ஒரு ஸ்லைஸுக்கே இவ்ளோ போட்டிருக்கு மா."

அனுபமா கவரை எடுக்கக் கை நீட்டினாள்.

"நீ கூடவா?"

ராத்திரிச் சாப்பாட்டை அவள் தொடவில்லை. காலையில் பால் அப்படியே ஆடை கட்டிக் கிடந்தது. இட்லி, பதினொரு மணி மோர், இப்போது இந்தச் சாதம்.

நேற்றே டாக்டருக்குப் போன் பண்ணி எல்லாவற்றையும் அனுபமா ஒப்புக்கொண்டாள். மாதங்கி கோபப்படவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. "பொய் சொன்னது தப்புங்க அனுபமா. சரி, அதுக்காக நாளைக்கு நிஜத்தைச் சொல்லிடாதீங்க. நம்பர் சொன்னாதான் சாப்பிடுவான்னா, நாளைக்கு அதைவிடச் சின்ன நம்பரா கேப்பா. அப்புறம் இன்னும் சின்னதா. ஒரு நாள் உங்ககிட்ட சின்ன நம்பரே இருக்காது." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "உங்களுக்கு இது ரொம்பக் கஷ்டம்னு தெரியும். உங்க தொழிலே இதுதானே" என்றார்.

தொழில். அனுபமா கையைத் துடைத்துக்கொண்டு எவர்சில்வர் டப்பாவைத் திறந்தாள். மிச்சம் நாலு துண்டு ரொட்டி இருந்தது. அந்தக் கவரில் என்ன போட்டிருந்தது என்று மகளுக்கு மனப்பாடம் ஆகியிருக்கும். இந்த ரொட்டியை அவள் முன் வைப்பதும் கவரை வைப்பதும் ஒன்றுதான். டப்பாவை மூடிவிட்டுச் செருப்பைப் போட்டாள்.

"கண்ணு, பிரெட் வாங்கிட்டு வந்தர்றேன். பத்து நிமிஷம்."

"நாலு மணிக்கா?" என்றாள் உள்ளேயிருந்து. அந்தக் குரலில் பயம்தான் இருந்தது. பசி இருந்ததா என்று அனுபமாவுக்குக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை.

மாரெட்பள்ளியில் அவர்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி ஆரோக்கியசாமியின் பேக்கரி. தாத்தா காலத்தில் ரயில்வே ஒர்க்‌ஷாப் வேலைக்கு வந்த தமிழ்க் குடும்பம். அவர் பிறந்தது, வளர்ந்தது எல்லாம் இங்கேதான். தமிழ் பேசுவார், பாதி இந்த ஊர் உருதுச் சரக்காக இருக்கும். தெருமுனைக் கோயிலில் போனாலு திருவிழாவுக்கு மைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒன், டூ, த்ரீ என்று ஒருத்தன் ஊருக்கெல்லாம் எண்ணிக் காட்டிக்கொண்டிருந்தான்.

"பிரவுன் பிரெட் இருக்குங்களா?"

"ஹவ் மா, இருக்கு. இப்பதான் கட் பண்ணேன்."

"கவர்ல ஒண்ணும் எழுதியிருக்கக் கூடாதுங்க."

ஆரோக்கியசாமி கண்ணாடியைத் தூக்கி விட்டுக்கொண்டு அவளைப் பார்த்தார். "என் பேரையே நான் போடறதில்ல. போன மாசம் ஒரு ஆபீசர் சாப் வந்தாரு. ஒரு துண்டுல அது எவ்ளோ, இது எவ்ளோ, எல்லாம் பிரிண்ட் பண்ணி ஒட்டுங்கன்னாரு. கைக்கு, எதுக்குன்னு கேட்டேன். ரொட்டில ரொட்டிதானே இருக்கும்."

"ஆமாங்க."

"உங்ககிட்ட உள்ளதைச் சொல்லணும்மா. கோதுமைன்னு பேருதான். இதுல முழுசா கோதுமை கிடையாது, பாதிக்குப் பாதி..."

"வேண்டாங்க, சொல்லாதீங்க."

"அரே. எல்லாரும் சொல்லு சொல்லுன்னு உசுரை வாங்கறாங்க. நீங்க சொல்லவே நக்கோன்றீங்க."

அனுபமா சிரித்துவிட்டாள். எத்தனை நாளைக்கப்புறம் என்று தெரியவில்லை. சிரித்து முடிப்பதற்குள் உள்ளே மீட்டர் கணக்குப் போட்டுவிட்டது: பாதி மைதா என்றால் நார்ச்சத்து இவ்வளவு குறையும், மாவுச்சத்து இவ்வளவு. சிரிப்பு பாதியில் நின்றது.

"பட்டர் வேணுமா? நல்லதா வந்திருக்கு."

பட்டர் என்ற சொல் அவளை அப்படியே கல்லாவின் முன் நிறுத்தி வைத்தது.

அவள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி கேன்டீனில் இந்த சாண்ட்விச்சைக் கொண்டு வந்ததே அவள்தான். சமோசாவும் மிர்ச்சி பஜ்ஜியும் மட்டும் விற்றுக்கொண்டிருந்த இடத்தில், கோதுமை ரொட்டி, வெள்ளரி, தக்காளி, வேகவைத்த உருளைக்கிழங்கு, பீட்ரூட், கொத்தமல்லிச் சட்னி என்று அளவு சொல்லிக் கொடுத்து, கவுன்டருக்கு மேலே பச்சைப் பலகையில் அதன் சத்துக் கணக்கை எழுதி மாட்ட வைத்தாள். புரதம் இவ்வளவு, நார்ச்சத்து இவ்வளவு, கொழுப்பு இவ்வளவு, கலோரி இவ்வளவு. பார்க்கும்போதெல்லாம் பெருமையாக இருக்கும். தாரிணி அப்போது எட்டாவது. பள்ளிக்கூடம் விட்டு நேரே கேன்டீனுக்கு வந்து, அம்மாவின் வேலை முடியும்வரை அந்த சாண்ட்விச்சைத் தின்றுகொண்டு வீட்டுப்பாடம் எழுதுவாள். கேன்டீன் சாய்குமாருக்கு அவள்மேல் கொள்ளைப் பிரியம்.

ஒரு நாள் அனுபமாவின் அறையில் நோயாளிகள் ஆறேழு பேர் உட்கார்ந்திருக்கும்போது தாரிணி மூச்சிரைக்க மாடியேறி வந்தாள்.

"மா, உன் போர்டு தப்பு. சாய் அங்கிள் எனக்கு பட்டர் தடவறார். போர்டுல பட்டரே இல்ல. அப்ப நான் சாப்பிட்டது எவ்ளோ?"

அந்தக் கேள்வியைக் கேட்டு அனுபமாவுக்கு உச்சி குளிர்ந்தது. "பாத்தீங்களா, என்ற பொண்ணுகிட்ட ஒருத்தரும் தப்ப முடியாது" என்று எல்லாரிடமும் சொன்னாள். எல்லாரும் சிரித்தார்கள். கீழே இறங்கிப் போய், மற்றவர்கள் எதிரில் சாய்குமாரைக் கேட்டாள். அவன் கத்தியைக் கையில் பிடித்தபடி நின்றான்.

"பாப்பா ஸ்கூல்லருந்து பசியோட வருது மேடம். கொஞ்சம் வெண்ணெய்தான். பிள்ளை சாப்பிட்டா என்ன?"

"போர்டுல இல்லாததைப் போட்டா, நான் எழுதி வெச்சதுக்கு என்ன அர்த்தம் சாய்குமார்?"

"சரி மேடம்" என்றான். அதன் பிறகு அவன் அந்தக் குழந்தைக்கு ஒரு பொட்டுக்கூடச் சேர்த்து வைத்ததில்லை. தாரிணியும் பக்கத்தில் நின்று, அவன் தடவுவதை, அடுக்குவதைக் கண்கொட்டாமல் பார்க்க ஆரம்பித்தாள். பிறகு, மேல் ரொட்டியை எடுத்துவிடச் சொன்னாள். பிறகு, பசிக்கவில்லை என்றாள். என்ன கட்டுப்பாடு இந்த வயதிலேயே என்று அனுபமா வியந்தாள். வியந்ததோடு நிற்கவில்லை, போனில் ஈரோட்டிலிருக்கும் அக்காவிடமும் சொன்னாள்.

"மா? பட்டர்?" என்றார் ஆரோக்கியசாமி.

"குடுங்க" என்றாள்.

திரும்பி நடக்கும்போது ரொட்டி இன்னும் லேசாகச் சூடாக இருந்தது. கவரோடு மார்பில் அணைத்துப் பிடித்திருந்ததை வீட்டு வாசலில்தான் கவனித்தாள்.

மூன்று மணிக்குக் கணவன் முரளி போன் பண்ணினான். மாதாப்பூரில் ஆபீஸ். இந்தப் பன்னிரண்டு நாளில் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அவன் போன் வராத நாள் கிடையாது.

"சாப்டாளா?"

"இல்லீங்க."

மறுமுனையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. வராந்தாவுக்குப் போகிறான் போலிருக்கிறது.

"அனு, நான் சொல்றதைக் கேளு. நம்பரைச் சொல்லிரு. நிஜ நம்பரையே சொல்லிரு. இன்னைக்கு ஒரு நாள் சாப்பிடட்டும், நாளைக்கு என்னன்னு பாத்துக்கலாம்."

"டாக்டர் வேண்டாங்கறாங்க."

"டாக்டருக்கு என்ன? அவங்க சாயங்காலம் வீட்டுக்குப் போயி அவங்க பொண்ணுகூட உக்காந்து சோறு திம்பாங்க."

அனுபமா போனை மறு காதுக்கு மாற்றினாள்.

"பத்தொம்பது வருஷமா ஊர்ல இருக்கறவனுக்கெல்லாம் சொன்ன. ரோட்ல போறவன் கேட்டாக்கூட நின்னு சொல்லுவ. கல்யாண வீட்ல பந்தில உக்காந்து பாயசத்துக்குச் சொன்னவ நீ. என்ற பொண்ணுக்கு ஒண்ணே ஒண்ணு சொல்ல முடியலயா?"

"ஏங்க..."

"அன்னைக்கு டியூப் போட்டப்ப நான்தான் அவ கையைப் புடிச்சுட்டு இருந்தேன். நீ வெளியில நின்ன." அவன் குரல் உடைந்தது. "என்னால இன்னொரு தடவை புடிக்க முடியாது அனு. நாலரைக்குக் கூப்பிடறேன்." வைத்துவிட்டான்.

அவன் சொன்னது உண்மை. அவள் வெளியில்தான் நின்றாள். குழாய் வழியாக மணிக்கு எத்தனை மில்லி போக வேண்டும் என்று நூற்றுக்கணக்கான பேருக்குக் கணக்குப் போட்டுக் கையெழுத்திட்டவள். அந்தத் தாளில் எழுதுகிற எண் ஒரு மூக்கு வழியாக, ஒரு தொண்டை வழியாக இறங்குகிறது என்பது அன்றைக்கு அந்தக் கதவுக்கு வெளியே நிற்கும்போதுதான் உடம்பில் உறைத்தது. உள்ளேயிருந்து தாரிணி, "நக்கோ பா, நக்கோ" என்று கத்தியது கேட்டது. அம்மா என்று கூப்பிடவில்லை. அதை முரளியிடம்கூட அவள் சொன்னதில்லை.

மூன்றரைக்கு உருளைக்கிழங்கை வேகப் போட்டாள். வெள்ளரிக்காயை வட்டமாக நறுக்கினாள். ஆஸ்பத்திரியில் புதிதாக வருகிற நோயாளியிடம் அவள் கேட்கும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: நேத்து காலைல எழுந்ததுல இருந்து படுக்கற வரைக்கும் என்னென்ன சாப்பிட்டீங்க, ஒண்ணு விடாமச் சொல்லுங்க. கேட்டுக் கேட்டு நாக்கில் ஊறிப்போன கேள்வி. சாயங்காலம் ஸ்கூட்டரில் மகளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வரும்போதும் அதையேதான் கேட்டாள். பள்ளிக்கூடத்தில் என்ன நடந்தது, யாரோடு சண்டை, யார் உன்னோடு பேசவில்லை என்று கேட்க வேண்டிய நேரத்தில், காலைல இருந்து சொல்லு கண்ணு என்றாள். தாரிணி அவள் தோளில் தாடையை வைத்துக்கொண்டு சொல்லுவாள். ஆரம்பத்தில் பொய்யும் விளையாட்டுமாக இருக்கும்: லஞ்சில் யானை தின்றேன், அதற்கு எத்தனை கலோரி? மல்காஜ்கிரி பக்கம் ரயில்வே கேட் மூடியிருந்தால் கேட் திறக்கும்வரை யானையின் கணக்கு நடக்கும்.

ஒரு கட்டத்தில் யானை நின்றுபோனது. இரண்டு சப்பாத்தி, ஒரு கிண்ணம் பருப்பு, ஒரு கிண்ணம் காய், ஒரு பழம் என்று ஒப்பிக்க ஆரம்பித்தாள். அனுபமா அச்சடித்துக் கொடுக்கும் நோட்டீஸில் இருப்பது அச்சுப் பிசகாமல் அப்படியே. எந்த மனுஷரும் நோட்டீஸில் போட்டபடி சாப்பிடுவதில்லை என்பது அந்தத் தொழிலில் நுழைந்த முதல் வாரத்திலேயே தெரிந்துகொள்கிற விஷயம். நோயாளி எதைச் சொன்னாலும் அவள் மனதுக்குள் கொஞ்சம் கூட்டியோ குறைத்தோதான் எழுதுவாள். இனிப்பே தொடறதில்லை என்று சொல்பவரின் விரலைப் பார்ப்பாள், உதட்டைப் பார்ப்பாள். மகள் சொன்னதை மட்டும் அப்படியே எடுத்துக்கொண்டாள். ஸ்கூட்டர் ஓட்டும்போது பின்னால் இருக்கிறவளின் முகம் தெரியாது. தோளில் குத்திய தாடை எலும்பு நாளுக்கு நாள் கூராகிக்கொண்டு வந்தது மட்டும் தெரிந்தது. வளர்கிற பிள்ளை என்று நினைத்தாள்.

உருளைக்கிழங்கை ஆற வைத்து வில்லையாக்கினாள். ரொட்டி இரண்டு துண்டு. வெண்ணெயை எடுத்தாள். கை ஒரு நொடி தயங்கியது. இதைத் தடவினால் அவளுக்குத் தெரியும், பார்த்ததும் தெரியும். தடவாமல் விட்டால் சாப்பிட இன்னும் ஒரு சின்ன வழி இருக்கும். டாக்டர் கொடுத்த சீட்டில் வெண்ணெய் என்று இருக்கிறது. தடவினாள். சட்னி, வெள்ளரி, தக்காளி, உருளை, பீட்ரூட். மேலே ஒரு ரொட்டி. பீட்ரூட்டின் சாறு வெள்ளை ரொட்டியில் இறங்குகிற மாதிரி இதில் தெரியவில்லை. குறுக்கே வெட்டித் தட்டில் வைத்தாள். சாண்ட்விச் அழகாக இருந்தது. அதை அழகு என்று பார்த்து எத்தனை வருஷம் ஆகியிருக்கும் என்று நினைத்தாள்.

நாலு அடிக்கத் தாரிணி தானாகவே எழுந்து வந்தாள். ஸ்வெட்டர் கையை விரல்வரை இழுத்துவிட்டுக்கொண்டு மேஜையில் உட்கார்ந்தாள். தட்டைப் பார்க்கவில்லை. அம்மாவைப் பார்த்தாள்.

"பெட்டி எடுத்து வெச்சுட்டியா?"

"இல்ல."

"அப்பா எடுத்து வைக்கச் சொன்னாரா?"

"அப்பா நாலரைக்குக் கூப்பிடுவாரு."

தாரிணி ஒரு விரலால் தட்டை அரைச் சுற்று திருப்பினாள். வெட்டின பக்கம் அவளைப் பார்த்து வந்து நின்றது.

"பட்டர் போட்டிருக்க."

"ஆமா."

"ஓகே மா. ஒரு டீல். நேத்து நடந்ததை நான் மறந்துடறேன். உன்மேல கோபம் கிடையாது. நீ இன்னைக்கு கரெக்ட் நம்பர் சொல்லு. நான் முழுசா சாப்பிடறேன். பட்டரோட. ஓரத்தைக்கூட விட மாட்டேன்."

பெரிய மனுஷிபோல நிதானமாகப் பேசினாள். பேசும்போது கழுத்து நரம்பு மேலும் கீழும் போனது.

"நிஜமா சாப்பிடுவியா?"

கேட்டிருக்கக்கூடாது. கேட்டதுமே அனுபமாவுக்குத் தெரிந்தது. மகளின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது.

"ப்ராமிஸ் மா. ஒரே ஒரு நம்பர். அது தெரிஞ்சா என் மண்டைக்குள்ள கொஞ்சம் அமைதியா இருக்கும். இல்லாட்டி நாள் பூரா கத்திக்கிட்டே இருக்கும். உனக்கு அது தெரியாது."

எனக்கா தெரியாது என்று நினைத்தாள் அனுபமா. எண் அவள் நாக்கின் நுனியில் இருந்தது. பேக்கரி ரொட்டி, பாதி மைதா, வெண்ணெய் இவ்வளவு, உருளை இவ்வளவு. நாலைந்து கூடலாம், குறையலாம், அவ்வளவுதான். சொல்லிவிட்டால் இந்தத் தட்டு காலியாகும். பெட்டி அலமாரியிலேயே இருக்கும். நாலரை மணிக்கு முரளியிடம் சாப்டாளுங்க என்று சொல்லலாம். மூன்று இலக்கத்துக்கு இத்தனையும் கிடைக்கும்.

"சரி, நீ சொல்ல வேண்டாம்" என்றாள் தாரிணி. "நான் சொல்றேன். நீ தலையை மட்டும் ஆட்டு. டாக்டர் தலை ஆட்டக்கூடாதுன்னு சொல்லலையே?"

லேசாகச் சிரித்தாள். பழைய யானைச் சிரிப்பின் ஓரம் அதில் தெரிந்தது. ஒரு எண்ணைச் சொன்னாள். அனுபமா தலையை ஆட்டவில்லை. கொஞ்சம் கூட்டி இன்னொன்றைச் சொன்னாள். இன்னும் கூட்டி இன்னொன்று. நோயாளிகளின் விரலையும் உதட்டையும் பார்க்கிற வித்தை மகளுக்கும் வந்திருந்தது. அவள் அம்மாவின் கண்ணையே பார்த்தபடி எண்ணைக் கூட்டிக்கொண்டு போனாள். சரியான இடத்துக்குப் பக்கத்தில் வந்தபோது அனுபமா எழுந்து தண்ணீர் எடுக்கிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பின்னால் சத்தம் நின்றது.

"உனக்கு எனக்கு டியூப் போடணும்னு ஆசையா மா?"

"இல்ல கண்ணு."

"அப்ப ஏன்?"

தண்ணீர் டம்ளரைக் கொண்டு வந்து வைத்தாள். கொஞ்சம் சிந்தியது. அதைத் துடைக்கவில்லை.

"நம்பர் இல்லாம எனக்குச் சாப்பிடத் தெரியல" என்றாள் தாரிணி. குரல் இப்போது சின்னதாகிவிட்டது. "எப்படிச் சாப்பிடணும்னே தெரியல. எங்க ஆரம்பிக்கணும், எங்க நிறுத்தணும்னு. நீதானே மா சொல்லிக் குடுத்த. எல்லாத்துக்கும் நீதானே சொல்லிக் குடுத்த. இப்ப மட்டும் தெரியாதுன்னா என்ன அர்த்தம்?"

"தெரியாதுன்னு நான் சொல்லல."

"தெரியுமா?"

"தெரியும்."

"அப்ப சொல்லு."

ஸ்வெட்டர் கைக்குள்ளிருந்து விரல்கள் வெளியே வந்து, மேஜை மேல் அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்தன. சில்லென்றிருந்தன. இத்தனை நாளில் அவளாக வந்து தொட்டது இதுதான் முதல் தடவை. அனுபமா அசையவில்லை. அசைந்தால் அந்தப் பிடி போய்விடும் என்று பயமாக இருந்தது. சொல்லாவிட்டாலும் போய்விடும்.

"ப்ளீஸ் மா."

அனுபமா எதிர் நாற்காலியை விட்டுவிட்டு, பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு மகளின் தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்தாள். பிடித்த கையை விலக்கவில்லை. அந்த எண் நாக்கின் நுனியிலேயே நின்றது. அதை அப்படியே விழுங்கினாள்.

"மாட்டேன் சாமி" என்றாள் மகளிடம், தனக்கே கேட்காத அளவுக்கு மெல்ல.